ஒரு பொத்தான், இரண்டு கைகள்

1964 மே 14. எகிப்தின் தெற்கே, அஸ்வான் நகருக்குப் பக்கத்தில், நாசரும் குருஷேவும் அருகருகே நின்று ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். வெடி வெடிக்கிறது, மண் தடுப்பு சிதறுகிறது. நைல் நதி தன் பழைய படுகையை விட்டுவிட்டு, கருங்கல்லைக் குடைந்து வெட்டிய ஒரு வாய்க்காலுக்குள் திரும்புகிறது. அந்த வாய்க்கால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம். நடுவில் 15 மீட்டர் விட்டம் கொண்ட ஆறு சுரங்கங்கள். அஸ்வான் உயர் அணையின் கதையை எழுதும் யாரும் இந்தக் காட்சியைத் தாண்டிப் போவதில்லை. இரண்டு நாடுகளின் கூட்டு முயற்சி என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

எனக்கு ஒரு எளிய கேள்வி. பொத்தானை அழுத்தியவர்கள் இரண்டு பேர். வாய்க்காலை வெட்டியது யார்?

சோவியத் பதிவுகளைப் புரட்டினால், அணையை வடிவமைத்த ஹைட்ரோபுராஜெக்ட் நிறுவனமும் அதன் தலைமைப் பொறியாளர் நிக்கொலாய் மாலிஷெவும் வருவார்கள். எகிப்தில் கேட்டால் ‘அரபு ஒப்பந்ததாரர்கள்’ என்ற கம்பெனியும் அதன் நிறுவனர் உஸ்மான் அஹமத் உஸ்மானும் வருவார்கள். இரண்டு பதிலும் சரிதான். ஆனால் இரண்டையும் கூட்டினாலும் விடை முழுசாக வருவதில்லை.

நான் சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேரில் பிழைப்பவன். எங்கள் தலைமுறையில் இது ஒன்றும் அதிசயமில்லை. அணைகளைப் பற்றி நாலு வருஷத்தில் நான் படித்ததெல்லாம் கசிவுக் கோடு, சரிவின் கோணம், உபரிநீர்ப் போக்கி. ஒப்பந்தங்களைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. அதில் பல கம்பெனிகள் சேர்ந்து ஒரே வேலையை எடுக்கும் ‘ஜாயின்ட் வென்ச்சர்’ அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, அதாவது ஒரு கூட்டாளி கைவிட்டால் மிச்சம் இருப்பவர் முழு வேலைக்கும் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அரைப் பக்கத்தின் அர்த்தம் ஐடிக்கு வந்த பிறகுதான் பிடிபட்டது. மூன்று நாட்டு வெண்டர்கள் சேர்ந்து ஒரே சிஸ்டத்தைக் கட்டும் புராஜெக்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொருவர் பகுதியும் தனியாக நன்றாகவே ஓடும். சேர்த்து வைக்கும் இடத்தில்தான் நிற்கும். “எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு, அவங்களைக் கேளுங்க” என்பது எல்லா நாட்டுக்காரருக்கும் பொதுவான வாக்கியம். ஒருவழியாக ஓட ஆரம்பித்த பிறகு கிளையன்டுக்குப் போகும் பிரசன்டேஷனில் அந்த இணைப்பிடங்கள் ஒன்றும் இருக்காது. எல்லா லோகோவும் ஒரே வரிசையில், ஒரே அளவில் இருக்கும்.

கட்டுமான வரலாறுகளும் பெரும்பாலும் அந்தப் பிரசன்டேஷன் மாதிரிதான் எழுதப்பட்டிருக்கின்றன. எத்தனை கன மீட்டர், எத்தனை மாதம், எவ்வளவு செலவு. இணைப்பிடங்களைத் தேடிப் போன எனக்கு, எதிர்பாராமல் சினிமா விமர்சனம் கைகொடுத்தது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அணைக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.

*

அஸ்வான் அணைக்குப் பணம் தருவதாக முதலில் சொன்னவர்கள் அமெரிக்காவும் பிரிட்டனும், கூடவே உலக வங்கியும். 1956 ஜூலை 19 அன்று அமெரிக்கா பின்வாங்கியது. பிரிட்டனும் வங்கியும் அதைப் பின்பற்றிப் பின்வாங்கின. ஒரு வாரம் கழித்து, ஜூலை 26 அன்று, அலெக்சாண்ட்ரியாவில் பேசிய நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கிவிட்டதாக அறிவித்தார். கால்வாய் வருமானத்தில் அணை கட்டுவோம் என்றார். போர் வந்தது, ஓய்ந்தது. 1958 டிசம்பரில் சோவியத் யூனியன் முதல் கட்டத்துக்குக் கடன் தர ஒப்புக்கொண்டது. 1960 ஜனவரி 9 அன்று வேலை தொடங்கியது.

111 மீட்டர் உயரம், அடியில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம், சுமார் 4.3 கோடி கன மீட்டர் கல்லும் மண்ணும். வேலை உச்சத்தில் இருந்தபோது 30,000-க்கும் மேற்பட்ட எகிப்தியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். வெயில் நாட்களில் அஸ்வானில் 40 டிகிரி என்பது சாதாரணம்.

உஸ்மான் இஸ்மாயிலியா ஊர்க்காரர். கெய்ரோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். ஐம்பதுகளில் சவூதி, குவைத் என்று எண்ணெய்ப் பணம் பாய்ந்த இடங்களில் கட்டி வளர்ந்தவர். அணையின் அகழ்வு வேலையில் பெரிய பங்கு அவருடைய கம்பெனிக்குக் கிடைத்தது. ஒப்பந்தப்படி இயந்திரங்கள் சோவியத்திலிருந்து வந்தன. அஸ்வானின் கருங்கல்லோ பழங்காலத்திலிருந்து பேர்போனது. பிரமிடுகளின் உள்ளறைகளுக்கே அங்கிருந்துதான் கல் போயிருக்கிறது. அந்தக் கல்லிடம் சோவியத் துளைக்கருவிகளும் லாரி டயர்களும் தோற்றன. வேலை பின்தங்கியது. எகிப்தியர்கள் சுவீடன் துளைக்கருவிகளையும் பிரிட்டிஷ் டம்பர் லாரிகளையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பனிப்போரின் நடுவில், சோவியத் நட்பின் சின்னமாக எழும்பிக்கொண்டிருந்த அணையில், எந்த பிரிட்டன் பணம் தர மறுத்ததோ அதே பிரிட்டனின் லாரிகள் கல் சுமந்தன.

இதைத்தான் நான் இணைப்பிடம் என்கிறேன். பொத்தான் அழுத்தும் காட்சியில் இந்த லாரிகளுக்கு இடமில்லை. உஸ்மானுக்கும் பெரிய இடமில்லை. 1961-ல் தொடங்கிய நாட்டுடைமை அலையில் அவர் கம்பெனி அரசின் கைக்குப் போனது. தலைமையில் மட்டும் அவரே தொடர்ந்தார். நாசர் இறந்து, சாதாத் ஆட்சியில் அமைச்சராகவும் ஆகி, 1981-ல் தன் அனுபவங்களை அவர் புத்தகமாக எழுதியபோது எகிப்தில் பெரிய கூச்சல் எழுந்தது. நாசர் காலத்தை அவர் அப்படித் தாக்கியிருந்தார். ஒரே அணைக்குக் கூட்டாளிகள் இரண்டு கணக்கு வைத்திருந்தார்கள் என்பது அப்போது ஊருக்கே தெரிந்தது.

*

அணை எழும்பினால் அதற்குப் பின்னால் ஏரி. சுமார் 500 கிலோமீட்டர் நீளம், தென்முனை சூடானுக்குள் போகும். மூழ்கப்போகிற நிலத்துக்குப் பெயர் நூபியா. அங்கே கோயில்கள் இருந்தன, மனிதர்களும் இருந்தார்கள்.

கோயில்களுக்காக யுனெஸ்கோ 1960 மார்ச்சில் உலகத்திடம் கையேந்தியது. அதில் பெரிய வேலை அபு சிம்பல். மலையைக் குடைந்து இரண்டாம் ராம்சேஸ் எழுப்பிய இரண்டு கோயில்கள். அவற்றை இடம் மாற்ற ஒரு கூட்டு நிறுவனம் உருவானது. மேற்கு ஜெர்மனியின் ஹோக்டீஃப், இத்தாலியின் இம்ப்ரெஜிலோ, பிரான்ஸின் கிராண்ட் ட்ராவோ த மார்செய், சுவீடனின் ஸ்கான்ஸ்காவும் சென்டாபும், எகிப்தின் அட்லஸ். ஐந்து நாடுகள், ஆறு கம்பெனிகள். வடிவமைப்பு ஆலோசனை இன்னொரு சுவீடன் நிறுவனம். 1964-லிருந்து 1968 வரை வேலை நடந்தது. ஏரி ஏறிக்கொண்டே இருந்ததால் முதலில் கோயிலைச் சுற்றி ஒரு தற்காலிக அணை போட்டார்கள். பிறகு கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்தார்கள். பெரிய துண்டுகள் 30 டன் வரை இருந்தன. சிலைகளின் முகத்தில் வெட்டுத் தடம் தெரியக்கூடாது என்பதால், அங்கே இத்தாலியப் பளிங்குக்கல் தொழிலாளர்கள் கையாலேயே ரம்பம் இழுத்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் எண். பழைய இடத்திலிருந்து சுமார் 65 மீட்டர் மேலே, 200 மீட்டர் பின்னால், அதே வரிசையில், அதே திசையில் அடுக்கினார்கள். வருஷத்தில் இரண்டு முறை கருவறைக்குள் நுழையும் சூரியன் இன்றைக்கும் நுழைகிறது. சுமார் 4 கோடி டாலர் செலவு.

ஒரு பொறியாளனாக இதைப் படிக்கும்போது எனக்குப் புல்லரிக்கும். இதுவரை நடந்த கூட்டுக் கட்டுமானங்களில் மிக நேர்த்தியானவற்றில் ஒன்று என்று யோசிக்காமல் சொல்வேன்.

அதே வருஷங்களில்தான் மனிதர்களும் இடம் மாறினார்கள். எகிப்திய நூபியர் சுமார் 50,000 பேர் அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போ பக்கம் அனுப்பப்பட்டார்கள். சூடான் பக்கம் வாடி ஹல்ஃபாவிலிருந்து ஏறக்குறைய அதே அளவு மக்கள், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கஷ்ம் எல் கிர்பாவுக்கு. நூபிய வீடுகள் நதியைப் பார்த்தபடி இருந்தவை. மண் சுவரில் சித்திரம் எழுதி, வாசலுக்கு மேலே பீங்கான் தட்டுகளைப் பதிக்கும் வழக்கம் உண்டு. கோம் ஓம்போவில் கிடைத்தது நதியிலிருந்து தள்ளி, வரிசையாக நின்ற ஒரே மாதிரி வீடுகள். ஊர்ப் பெயர்களை மட்டும் கூடவே கொண்டுபோனார்கள். ராம்சேஸின் காதை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று ஆறு கம்பெனிகளுக்கும் தெரிந்திருந்தது. மக்களை நகர்த்த அப்படி ஒரு வரைபடத்தை யாரும் போடவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் கையெழுத்திட்ட தரப்பாக இல்லை.

*

இனி சினிமா. கட்டுமானக் கம்பெனிகள் தங்கள் வேலையைப் படம்பிடித்து வைப்பது பழைய வழக்கம். அந்த வகைப் படம் எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எகிப்தில் இல்லை, சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. ஐம்பதுகளில் வலே மாநிலத்தின் மலைகளில் கிராண்ட் டிக்ஸான்ஸ் என்ற காங்கிரீட் அணை எழும்பிக்கொண்டிருந்தது. 285 மீட்டர் உயரம். பாரிஸில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த இருபத்துச் சொச்சம் வயது இளைஞன் ஒருவன் அங்கே கூலி வேலைக்குச் சேர்ந்தான். பிறகு டெலிபோன் சுவிட்ச்போர்டுக்கு மாறினான். கிடைத்த நேரத்தையும் சம்பளத்தையும் வைத்து அணையைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தான். பெயர் ‘ஒப்பரேஷியோன் பெத்தோன்’, அதாவது காங்கிரீட் நடவடிக்கை. அணைக் கம்பெனி அதை விளம்பரத்துக்காக வாங்கிக்கொண்டது. இளைஞனின் பெயர் ழான் லுக் கோதார். அதுதான் அவருடைய முதல் படம்.

பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஜல்லி எங்கிருந்து வருகிறது, சிமென்ட் எப்படிக் கலக்கிறது, கம்பியில் தொங்கும் வாளி எப்படிப் போகிறது என்று ஒழுங்காகக் காட்டும். கோதாரின் குரலே விளக்கம் சொல்லும். தொழிலாளர்கள் அசைவார்கள், பேசமாட்டார்கள். இந்த மலை அணைகளில் இத்தாலியிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் வேலை செய்தார்கள். அதே மாநிலத்தில் மட்மார்க் அணை வேலை நடந்தபோது, 1965 ஆகஸ்ட் 30 அன்று, பனிமலை உடைந்து தொழிலாளர் குடியிருப்பின் மேல் விழுந்து 88 பேர் செத்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் இத்தாலியர்கள். அந்த மாதிரி மனிதர்கள் கோதாரின் படத்தில் வாளிக்குப் பக்கத்தில் நிற்கும் உருவங்கள், அவ்வளவே.

சுவாரசியம் இதற்குப் பிறகுதான். ஊர் திரும்பிய கோதார் ‘காயே து சினிமா’ பத்திரிகையில் தொடர்ந்து விமர்சனம் எழுதினார். அவரும் த்ரூஃபோவும் ரிவெத்தும் எழுதியதில் கதைச் சுருக்கம் குறைவு. கேமரா எங்கே நிற்கிறது, யாரை எவ்வளவு நேரம் பார்க்கிறது, யாரைப் பார்க்காமல் நகர்கிறது என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். படம் எடுப்பதும் விமர்சனம் எழுதுவதும் தனக்கு ஒரே வேலை என்று கோதார் பின்னால் சொன்னார். எனக்கு அது கோட் ரிவ்யூ போலத் தெரிகிறது. “இது என்ன செய்கிறது” என்பதை எழுதினவரே சொல்லிவிடுவார். “இது எதை விட்டுவிட்டது” என்று கேட்க வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். சினிமா விமர்சனத்தின் ஈர்ப்பு எனக்கு அங்கேதான். தயாரித்தவருக்கும் சம்பளக்காரனாக இல்லாமல், படம்பிடிக்கப்பட்டவருக்கும் வக்கீலாக இல்லாமல், சட்டகத்தை மட்டும் உற்றுப் பார்க்கிற ஒருவர் அங்கே இருக்கிறார். அவர் கேட்ட கேள்விகளை கோதாரின் சொந்த முதல் படத்திடமே கேட்கலாம். நான் மேலே கேட்டதும் அவர்களிடம் கற்றதுதான்.

அஸ்வானுக்கும் ஒரு படம் தேவைப்பட்டது. பெரிய படம். எகிப்து அரசின் சினிமா நிறுவனமும் சோவியத்தின் மோஸ்ஃபிலிமும் கூட்டாகத் தயாரிக்க முடிவெடுத்தன. இரு நாடுகளின் முதல் கூட்டுத் தயாரிப்பு, 70 மில்லிமீட்டரில். இயக்குநர் யூசுஃப் ஷாஹீன். 1958-லேயே ‘கெய்ரோ ஸ்டேஷன்’ எடுத்தவர். ரயில் நிலையத்தில் பேப்பர் விற்கும் நொண்டியாக அதில் அவரே நடித்திருப்பார். ஓரத்தில் நிற்பவனை நடுவுக்குக் கொண்டுவருவது அவருக்கு அப்போதே பழக்கம்.

1968-ல் அவர் முடித்துக் கொடுத்த படத்தின் நடுவில் தலைவர்கள் இல்லை. பராக் என்ற நூபிய இளைஞனும் நிக்கொலாய் என்ற ரஷ்ய இளைஞனும் அணை வேலையில் நண்பர்களாகிறார்கள். நதி திரும்பும் அந்த 1964 நாளை ஒட்டி, அங்கே இருக்கும் மனிதர்களின் நினைவுகளுக்குள் படம் போய்ப் போய் வருகிறது. கூட்டாளிகள் இருவருக்குமே படம் பிடிக்கவில்லை. கெய்ரோவும் மறுத்தது, மாஸ்கோவும் மறுத்தது. எந்த விஷயத்திலும் சீக்கிரம் ஒத்துப்போகாத இரண்டு அலுவலகங்கள் இதில் ஒத்துப்போயின. ஷாஹீன் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. ‘மக்களும் நைலும்’ என்ற இரண்டாவது வடிவம் 1972-ல் திரைக்கு வந்தது. அதே வருஷம் ஜூலையில் சாதாத் சோவியத் ராணுவ ஆலோசகர்களை நாட்டை விட்டு அனுப்பினார். நட்புக்காகத் திருத்தி எடுத்த படம், நட்பு முறியும் வருஷத்தில் வெளிவந்தது!

முதல் வடிவம் என்ன ஆனது? ஷாஹீன் அதன் பிரதி ஒன்றை பாரிஸில் இருந்த சினிமாதெக்கின் நிறுவனர் ஹென்றி லாங்லுவாவிடம் சேர்த்துவிட்டார். இந்த லாங்லுவாவை 1968 பிப்ரவரியில் பிரெஞ்சு அரசு பதவியிலிருந்து தூக்கியிருந்தது. கோதாரும் த்ரூஃபோவும் இன்னும் பலரும் தெருவில் இறங்கினார்கள், போலீஸிடம் அடி வாங்கினார்கள், பத்திரிகைகளில் எழுதித் தள்ளினார்கள். அந்தத் தலைமுறை விமர்சகர்கள் சினிமா பார்த்துப் பழகியதே லாங்லுவாவின் திரையரங்கில்தான். ஏப்ரலில் அரசு இறங்கிவந்தது, லாங்லுவா திரும்பினார். இரண்டு அரசுகள் வேண்டாம் என்ற ஒரு படம், விமர்சகர்கள் போராடிக் காப்பாற்றிய ஒரு மனிதரின் அலமாரியில் உயிரோடு இருந்தது. பின்னால் செப்பனிடப்பட்டு 1999-ல் பிரான்ஸில் திரைக்கு வந்தது. அப்போது அணைக்கு வயது முப்பதை நெருங்கியிருந்தது, சோவியத் யூனியனே இல்லை.

விமர்சனம் என்பது படம் வெளிவந்த வெள்ளிக்கிழமை மதிப்பெண் போடும் வேலை என்று நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்வேன். ஒரு படத்தைப் பாதுகாக்கலாமா என்ற கேள்விக்கு, பணம் போட்டவரின் பதிலைத் தாண்டி இன்னொரு பதில் இருக்க முடியும் என்ற நம்பிக்கையை அவர்கள் உண்டாக்கினார்கள். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் பராக்கும் நிக்கொலாயும் ஏதோ ஒரு கிடங்கில் புளித்துப்போயிருப்பார்கள்.

*

ஆனாலும் விமர்சகரின் கேள்வியை ஷாஹீனின் முதல் படத்தின் மேலும் வைத்தாக வேண்டும். பராக் நூபியன், சரி. அவன் எதற்காக அங்கே இருக்கிறான்? ரஷ்யனுக்கு நண்பனாக. கூட்டுத் தயாரிப்பின் விதி அது. ஒரு கையை இன்னொரு கை பற்ற வேண்டும், இரண்டு பக்கமும் ஒரு முகம் வேண்டும். எகிப்தின் முகமாக நிற்கும்படி கேட்கப்பட்டவன், எகிப்தின் அணையால் ஊரை இழப்பவன். மற்றவர்கள் எழுதிய வசனத்தில் அவனுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. அதையும் இரண்டு அலுவலகங்கள் பொறுக்கவில்லை.

நூபியர்கள் தாங்களே சொன்னதைக் கேட்க சினிமாவை விட்டு வெளியே வர வேண்டும். ஷாஹீன் தன் படத்தை முடித்த அதே 1968-ல் முஹம்மத் கலீல் காசிம் என்ற நூபியர் ‘அல் ஷமந்தூரா’ நாவலை வெளியிட்டார். இடதுசாரி என்பதற்காக நாசர் ஆட்சியில் சிறையில் இருந்தபோது எழுதியது. முப்பதுகளில் பழைய அஸ்வான் அணையை உயர்த்தியபோது மூழ்கிய ஊர்களின் கதை அது. உயர் அணை அவர்களுக்கு முதல் வெள்ளம் இல்லை, கடைசி வெள்ளம். இன்னொருவர் ஹம்சா எல் தின். தோஷ்கா என்ற நூபிய ஊரில் பிறந்தவர். பொறியியல் படித்து கெய்ரோவில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். புதிய அணை வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் சொன்னார். பிறகு வேலையை விட்டு ஊத் வாத்தியத்தோடு கிளம்பி, அமெரிக்கா வரை போய்ப் பாடினார். 1971-ல் வந்த அவருடைய இசைத்தட்டின் பெயர் நீர் இறைக்கும் ஏற்றச் சக்கரத்தைக் குறிப்பது. அந்தச் சக்கரங்கள் நின்ற ஊர்கள் அப்போது தண்ணீருக்கு அடியில் இருந்தன.

பொறியியல் படித்த இன்னொருவன் என்ற முறையில் ஹம்சாவை நான் சுலபமாகக் கடந்து போக முடிவதில்லை. அணை தேவைதான். 1980-களில் நைல் நதிப் பகுதி வறண்டு, எத்தியோப்பியாவிலும் சூடானிலும் பஞ்சம் தலைவிரித்தாடியபோது எகிப்தைக் காப்பாற்றியது அந்த ஏரியில் தேங்கியிருந்த தண்ணீர். 2,100 மெகாவாட் மின்சாரமும் பொய்யில்லை. கணக்கில் லாபம் இருக்கிறது. லாபக் கணக்கில் கையெழுத்துப் போட்டவர்கள் யார், போடாதவர்கள் யார் என்பது மட்டும் மிச்சம் நிற்கிறது. எங்கள் துறையிலும் ஒரு சிஸ்டத்தை மாற்றும்போது பழையதில் வேலை பார்த்தவர்களின் பெயர் எந்தக் கூட்டாளியின் ஸ்லைடிலும் வருவதில்லை. வேலை சுத்தமாக முடிந்தது என்று மின்னஞ்சல் வரும்.

அஸ்வானில் இன்று அணைக்குப் பக்கத்தில் தாமரை வடிவில் ஒரு உயரமான நினைவுச்சின்னம் நிற்கிறது. அரபு–சோவியத் நட்புக்காகக் கட்டியது. கூட்டாளிகளில் ஒருவர் உலக வரைபடத்திலேயே இல்லாமல் போன பிறகும் அது அசையாமல் நிற்கிறது. அணையைத் தாண்டித் தெற்கே போனால், ஏரிக்கரையில், ஆறு கம்பெனிகள் அடுக்கிய ராம்சேஸ் உட்கார்ந்திருக்கிறார். வடக்கே கோம் ஓம்போ பக்கம் போனால் அங்கேயும் ஒரு தோஷ்கா இருக்கிறது, ஒரு அபு சிம்பல் இருக்கிறது. கோயில் இல்லாத அபு சிம்பல். அங்கே பிறந்த குழந்தைகளுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.